நான்கு மூட்டைக்குச் சாம்பிராணி

என்னைத் திட்டியவர்களின் பட்டியல் நீளமானது. பள்ளிக்கூட வாத்தியார்கள், நான்கு மேனேஜர்கள், ஒரு பல் டாக்டர், தினசரிச் சேவையாக என் மனைவி. ஆனால் திட்டு என்றால் இதுதான் என்று நான் ஒப்புக்கொண்டது ஒருவரிடம்தான். ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் கொக்கோ வளர்க்கும் ஒரு பெண்மணி. மயிலாப்பூரில் என் வீட்டு வாசலில் நின்றபடி, கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடாமல், ஒரு மணி நேரம் திட்டினார். ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. வாக்கியத்துக்கு வாக்கியம் முடிவில் மரியாதையாக ஒரு 'ங்' வேறு. அந்த 'ங்'தான் அதிகம் வலித்தது.

அவர் திட்டியதில் நியாயம் இல்லாத ஒரு சொல்லைத் தேடித் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முப்பது வருடம் விளம்பர நிறுவனங்களில் சோப்புக்கும் ஊறுகாய்க்கும் வாசகம் எழுதியவன் நான். ஒரு நாள் அந்த வேலையைக் கம்ப்யூட்டரே செய்துவிடும் என்று சொல்லி, பூங்கொத்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது அடையாறில் ஒரு சாக்லேட் கடையிலிருந்து கூப்பிட்டார்கள். கடைக்கு முதலாளி முப்பது வயதுப் பெண். வெளிநாட்டில் எதையோ படித்துவிட்டு, அதை விட்டுவிட்டு, சாக்லேட் செய்ய வந்தவர். எடுத்த எடுப்பிலேயே என்னை அங்கிள் என்றார். நான் அவரை மேடம் என்றேன். இந்த இரண்டு சொல்லிலேயே சம்பளம் எவ்வளவு இருக்கும் என்று புரிந்துவிட்டது.

அவர் விற்றது பச்சைக் கொக்கோ. அதாவது வறுக்காதது. பழத்திலிருந்து விதையை எடுத்து, மரப்பெட்டியில் ஆறு நாள் புளிக்க வைத்து, வெயிலில் காயவைத்து, அப்படியே அரைத்துச் சாக்லேட் ஆக்குவது. சூடு காட்டினால் பச்சை என்ற பெயர் போய்விடும். உரம், மருந்து எதுவும் படாத தோட்டம். விவசாயிக்கு நியாயமான விலை. பாக்கெட்டின் பின்பக்கத்தில் அந்த விவசாயியைப் பற்றி நாலு வரி. அந்த நாலு வரிதான் என் வேலை.

நான் எழுதியது இது: 'இந்த விதையைத் தொட்டவை இரண்டே இரண்டு. ஒரு விவசாயியின் கை, ஒரு சூரியன்.'

இருக்கிற சூரியனே ஒன்றுதான் என்னும்போது 'ஒரு சூரியன்' என்று ஏன் எழுதினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. மேடம் கண் கலங்கி, "சூப்பர் அங்கிள்" என்றார். அதுவரை நான் ஒரு கொக்கோ மரத்தைக்கூடப் பார்த்ததில்லை. அது கொடியா செடியா மரமா என்று யாராவது கேட்டிருந்தால் மூன்றுக்கும் தலையாட்டியிருப்பேன்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. அடையாறு கடையின் பின்னறையில் தண்ணீர் ஒழுகியது. சரக்கு வைக்க உலர்ந்த இடம் வேண்டும் என்று மேடம் தவித்தபோது நான் வள்ளலானேன். எங்கள் வீட்டின் தெருப்பக்க அறையில் முன்பு ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. கடைக்காரர் காலி செய்த பிறகு ஷட்டர் போட்டபடி சும்மா கிடந்தது. அங்கே வைத்துக்கொள்ளுங்கள், சின்னதாக ஒரு வாடகை கொடுத்தால் போதும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். 'பார்த்துக்கொள்கிறேன்' என்று நான் சொன்ன எதுவும் இதுவரை உருப்பட்டதில்லை என்று என் மனைவி அப்போதே எச்சரித்தாள்.

நான்கு சணல் மூட்டைகள் வந்து இறங்கின. இரண்டாவது நாளே வீட்டில் போர் தொடங்கியது.

கொக்கோ விதை என்றால் சாக்லேட் மணக்கும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். மணக்காது. புளிக்க வைத்த விதையில் காடி வாடை அடிக்கும். அறை பூட்டிக் கிடந்தால் இன்னும் தூக்கும்.

"ஏன்னா, மாடி வரைக்கும் புளிச்ச நாத்தம் வர்றது. யாரோ இட்லி மாவைக் கொட்டிட்டு ஒரு வாரமா தொடைக்காம விட்டாப்ல இருக்கு ஆத்துல."

"அது நாத்தம் இல்ல. நொதித்தலின் நறுமணம். பாக்கெட்லயே எழுதியிருக்கேன்."

"அப்போ அந்தப் பாக்கெட்டை எடுத்து மூக்குல ஒட்டிண்டு படுங்கோ. நாளைக்குள்ள நாத்தம் போகலேன்னா மூட்டையோட நீங்களும் அந்த ரூமுக்கே போயிடுங்கோ."

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. எங்கள் தெருக் கடைகளுக்கு வெள்ளிதோறும் சாம்பிராணி போட ஒரு பாய் வருவார். ஐஸ்ஹவுஸ் பக்கம் அவர் வீடு. கையில் சங்கிலி கட்டிய தூபச்சட்டி, தோளில் ஒரு பை, மயிலிறகு விசிறி. கடைக்குள் நுழைந்து, கல்லாவுக்கும் நாலு மூலைக்கும் புகை காட்டி, ஏதோ முணுமுணுத்து, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவார். ஜெராக்ஸ் கடைக்காரர் காலத்திலிருந்து வருகிறவர். கடை போன பிறகும் பழக்கத்தில் எங்கள் ஷட்டருக்கு ஒரு வீச்சு வீசிவிட்டுத்தான் போவார்.

அவரைப் பார்த்ததும் என் மூளையில் ஒரு பல்பு எரிந்தது. என் பல்புகள் எல்லாம் ஃபியூஸ் போவதற்குச் சற்று முன்புதான் எரியும். ஷட்டரைத் தூக்கினேன்.

"பாய், உள்ள வாங்க. இந்த மூட்டைங்களுக்கு நல்லா காட்டுங்க. வாடை போகணும்."

பாய் மூக்கைச் சுளித்தார். "இன்னா சார் இது, காடி காச்சிக்கினு கீறியா?"

"சாக்லேட் பண்ற விதை பாய்."

"சாக்லேட்டா? துன்ற பொருளா?" ஒரு அடி பின்னால் போனார். "அப்ப வாணாம் நைனா. எண்ணெ கீற பருப்பு பொகைய இஸ்துக்கும். எங்க மாமா முந்திரி கோடவுன்ல இருந்தாரு. அங்க ஒர்த்தன் பீடி பத்த வச்சாலே கழுத்தப் புட்ச்சி வெளிய தள்ளுவாங்கோ."

"சாக்குக்குள்ள எப்படிப் போகும் பாய்? அதுவும் சாம்பிராணிதானே, நல்ல வாசனைதானே. போடுங்க."

"சொல்லிட்டேன் சார். அப்பால என்னிய கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன். போடுங்க."

போட்டார். அறை முழுக்கப் புகை நிறைந்ததும், வாசனை நிற்கட்டுமே என்று ஷட்டரை இறக்கிப் பூட்டியது என் சொந்த யோசனை. மனைவி மாடியிலிருந்து மூச்சை இழுத்துப் பார்த்து, கல்யாணமானதிலிருந்து இரண்டாவது முறையாக, "பரவாயில்லையே" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக அடுத்தடுத்த மூன்று வெள்ளிக்கிழமையும் போட வைத்தேன். பாய் ஒவ்வொரு தடவையும் "வாணாம் சார்" என்றார். நான் ஒவ்வொரு தடவையும் சிரித்தேன்.

நான்காவது வாரம் மேடம் ஆள் அனுப்பி, மூட்டைகளின் வாயை அவிழ்த்து, மேலாக ஒரு பை விதை அள்ளிப்போனார். ஞாயிறு மாலை கடையில் புதுச் சரக்கின் சுவை பார்க்கும் கூட்டம். பத்துப் பன்னிரண்டு வாடிக்கையாளர்கள் உயரமான ஸ்டூல்களில் உட்கார்ந்து, சிறு துண்டை நாக்கில் வைத்து, கண்ணை மூடினார்கள். ஸ்டூலில் ஏறத் தெரியாமல் ஓரமாக நின்றிருந்த எனக்கும் ஒரு துண்டு வந்தது.

வாயில் போட்டேன். எங்கள் தெருவின் வெள்ளிக்கிழமை காலை பத்து மணி என் நாக்கில் கரைந்தது. சட்டி, சங்கிலி, மயிலிறகு எல்லாமே தெரிந்தது. பாய் மட்டும்தான் உள்ளே இல்லை.

"ஸ்மோக்கி" என்றார் ஒருவர். "என்னவோ மாதிரி இருக்கு" என்றார் இன்னொருவர், துண்டைக் காகிதத்தில் துப்பியபடி. மேடத்தின் முகம் மாறியது. எல்லாரும் போன பிறகு என்னிடம் வந்தார்.

"தெரிஞ்சுதா அங்கிள்?"

"லேசா."

"லேசாவா? புகை. மழையில வெயில் கிடைச்சிருக்காது. விறகு மூட்டி அடுப்பு மேல காயவச்சுட்டு, வெயில்ல காஞ்சதுன்னு அனுப்பியிருக்காங்க. இது ரா கொக்கோவே இல்ல. மூணு வருஷமா நம்பினேன் அங்கிள் அவங்கள."

இப்போது நான் சொல்லியிருக்கவேண்டிய வாக்கியம் மிகச் சின்னது. வாயில் சாக்லேட் இருந்தது என்று சாக்குச் சொல்லலாம். ஆனால் அதை எப்போதோ விழுங்கிவிட்டிருந்தேன். உண்மை என்னவென்றால், எனக்குப் பயம். வேலை, அறை வாடகை, 'சூப்பர் அங்கிள்' மூன்றும் ஒரே நேரத்தில் போய்விடும் என்ற பயம். யாரோ ஒரு விவசாயி, முந்நூறு மைல் தள்ளி, முகம் தெரியாதவர். நான் பாக்கெட்டின் பின்பக்கத்தில் உருகி உருகி எழுதிய அதே விவசாயி.

"ஒரு லெட்டர் எழுதுங்க அங்கிள். பொலைட்டா, ஆனா ஸ்ட்ராங்கா. சரக்கைத் திருப்பி அனுப்பறோம்னு. நம்ம மேக்கர்ஸ் குரூப்லயும் போட்டுடலாம். மத்தவங்களும் ஏமாறக் கூடாதில்ல."

அந்த வாட்ஸ்அப் குழுவில் தென்னிந்தியாவின் சிறு சாக்லேட் தயாரிப்பாளர்கள் எல்லாரும் இருந்தார்கள். நல்ல விதையை நல்ல விலைக்கு வாங்குகிறவர்கள் அவ்வளவு பேர்தான். அங்கே ஒருவருடைய விதை புகைபிடித்தது என்று எழுதினால், அவருக்கு அந்தக் கதவு மொத்தமாகச் சாத்தப்படும். எனக்கு இது தெரியும். தெரிந்தும் எழுதினேன்.

எழுதியது மட்டும் இல்லை, நன்றாக எழுதினேன். மூன்று தடவை திருத்தினேன். அயோக்கியத்தனத்திலும் நடை பார்க்கிறவன் நான். 'சூரியனுக்கு மாற்றாக விறகைத் தேர்ந்தெடுத்த கரங்களை இனி நாங்கள் பற்ற இயலாது' என்ற வரி வந்து விழுந்தபோது எனக்கே புல்லரித்தது. மேடம் அதைக் கடிதமாகவும் அனுப்பினார், குழுவிலும் போட்டார். யாரோ கைதட்டும் படம் போட்டிருந்தார்கள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு மேடம் போன் செய்தார். "அங்கிள், அவங்க வந்திருக்காங்க. ரயிலை விட்டு இறங்கி நேரா கடைக்கு. என்னைக் கிழிச்சுட்டாங்க. இப்போ மூட்டையைப் பாக்கணுமாம். ஆட்டோல உங்க வீட்டுக்குத்தான் வர்றோம். ஷட்டரைத் திறந்து வைங்க."

திறந்து வைத்தேன். ஃபேனையும் போட்டேன். நான்கு வாரப் புகையை ஒரு ஃபேன் விரட்டிவிடும் என்று நம்பிய மனிதனின் அறிவை நீங்களே எடை போட்டுக்கொள்ளலாம்.

ஆட்டோவிலிருந்து முதலில் ஒரு தூக்குப்பாத்திரம் இறங்கியது. பிறகு அவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். கசங்காத பருத்திச் சேலை, கசங்கிய முகம். பின்னால் மேடம், ஸ்கூலில் பிரின்ஸிபால் ரூமுக்குப் போகிற பிள்ளை மாதிரி. விவசாயி ஒரு காகிதத்தை நீட்டினார். என் கடிதம். அச்செடுத்து, நாலாக மடித்து, மறுபடி விரித்திருந்தார்.

"ஏனுங், இத எழுதுனது யாருங்?"

"நான்தாங்க."

"நெம்ப நல்லா எழுதறீங்."

வாழ்க்கையில் என் எழுத்தைப் பாராட்டியவர்கள் குறைவு. ஒரு கணம், ஒரே ஒரு கணம், எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு கேவலமானவன் நான்.

"எந்தத் தோப்புக்கு வந்து பாத்துப்போட்டு எழுதுனீங்?"

"நேர்ல வந்து பாக்கலீங்க."

"பாக்காமயேவாங்? அடுப்பு, வெறகு, கரம்னெல்லாம் போட்டிருக்கறீங்களே, எங்கூட்டு அடுப்பு எந்தத் திசையப் பாத்து இருக்குதுன்னு சொல்லுங் பாக்கலாம்."

கிழக்கு என்று ஊகித்துச் சொல்லலாமா என்று ஒரு நினைப்பு வந்து போனது.

"பதனோரு நாளு காயவெச்சேனுங். மழ வந்தா ஓடியாந்து தார்ப்பாய இழுத்து மூடறது, பொழுது எட்டிப் பாத்தா தொறக்கறது, ஒவ்வொரு மணிக்கும் காலால கெளறி உடறது. களத்துப் பக்கம் எம்பட ஊட்டுக்காரரு பீடி குடிச்சாருன்னா தண்ணியத் தூக்கி மேல ஊத்தீருவேன். என்ர விதைக்குப் பொகைன்னு எழுதறீங்."

"அக்கா, டேஸ்ட் பண்ணோம். புகை இருந்துச்சு" என்றார் மேடம்.

"அம்மணி, நீ பேசாத. மூணு வருசமா எங்கிட்ட வாங்கறவ, ஒரு போனப் போட்டு 'என்ன அக்கா ஆச்சு'ன்னு கேட்டியா? நாயத்துக்கு வாங்கறேன், நாயத்துக்கு வாங்கறேன்னு பாக்கெட்டு பூரா எழுதி வெச்சிருக்கறே. இந்த நாயம் அதுல எங்கிருக்குது காட்டு."

மேடம் வாயை மூடிக்கொண்டார். எங்கள் இருவரிடையே முதல்முறையாக ஓர் ஒற்றுமை தெரிந்தது.

"எம்பட பொட்டியிலதான் அக்கம்பக்கத்துல ஆறு தோட்டத்துக்காரங்க பழத்த ஒடச்சுக் கொண்டாந்து கொட்றாங்க. நான் காயவெச்சா நல்லாருக்கும்ங்கற பேச்சுலதான் கொட்றாங்க. முந்தாநேத்து பெங்களூர்க்காரரு போன் பண்ணிப்போட்டு, 'இந்த வாட்டி வேண்டாங்கக்கா'ங்கறாரு. வருசா வருசம் வாங்கறவரு. அந்தப் பேச்சு போச்சுன்னா நான் அவுங்க மூஞ்சியில எப்பிடிங் முழிக்கறது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

அப்போதும் உண்மையைச் சொல்லாமல், தண்ணீர் வேண்டுமா என்றேன். அவர் பார்த்த பார்வையில் டம்ளர் தானாகவே கீழே இறங்கியது.

"செத்த அக்கட்ட நவுருங்" என்று என்னைத் தள்ளிவிட்டு அறைக்குள் நுழைந்தார். வாசலிலேயே நின்று மூக்கை உயர்த்தினார். மூட்டை ஒன்றின் வாயை அவிழ்த்து, மேலிருந்து நாலு விதை எடுத்து முகர்ந்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, முழங்கை, அதற்கும் மேலே தோள் வரைக்கும் கையை மூட்டைக்குள் விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்தார். முகர்ந்தார். பிறகு தூக்குப்பாத்திரத்தைத் திறந்தார். ஒவ்வொரு தடவை காயவைக்கும்போதும் ஒரு கிலோவைத் தனியாக எடுத்து வைத்துவிடுவாராம். இந்த மூட்டைகளின் உடன்பிறப்பு அது.

"கத்தி இருந்தாக் குடுங்."

இந்த நேரத்தில் இந்தப் பெண்மணி கையில் கத்தியைக் கொடுப்பது சரியா என்று யோசித்துவிட்டுக் கொடுத்தேன். தரையில் உட்கார்ந்து, மூன்று இடத்து விதைகளையும் நெடுக்காகப் பிளந்து, வரிசையாக வைத்தார். மூன்றும் ஒரே மாதிரி பழுப்பு, உள்ளே ஒரே மாதிரி விரிசல். நன்றாகப் புளித்ததற்கு அதுதான் அடையாளமாம். மேடத்தைக் கூப்பிட்டார்.

"அம்மணி, இங்க வா. மோந்து பாரு. மேல இருக்கறது மணக்குது. அடியில இருக்கறது மணக்கல. இந்தத் தூக்குப்போசியில இருக்கறதும் மணக்கல. நான் அடுப்புல காயவெச்சிருந்தா பொகை ஒவ்வொரு விதையாப் பாத்து, நீ மூட்டையில மேல போவ, நீ அடியில போவன்னு சொல்லிப் புடிச்சிருக்குமா?"

மேடம் முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"வெறகுப் பொகையே இல்ல இது" என்றார் விவசாயி, எழுந்து நின்று. "இங்க வந்து புடிச்சது. ஏனுங், இந்த ரூம்புக்குள்ள என்ன பண்ணுனீங்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் வாயைத் திறந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. திறந்தேன்தான். "தெருவுல பக்கத்துல கோயில் இருக்கு, அங்கேர்ந்து…" என்று ஆரம்பித்தேன். அதாவது, விவசாயியை விட்டுவிட்டு சாமி மேல் பழி போடப் பார்த்தேன்.

அப்போது தெருவில் சங்கிலிச் சத்தம் கேட்டது.

மணி பத்து. வெள்ளிக்கிழமை. அறைக்குள் முதலில் புகை வந்தது, பின்னால் பாய் வந்தார்.

"இன்னா சார், இன்னிக்கி கூட்டமா கீது? மூட்டைக்குப் போட்டுறட்டா?"

பாய் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தரையில் பிளந்து கிடந்த விதைகளைப் பார்த்தார். சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தார்.

"நான் மொதல் நாளே சொன்னேன்மா" என்றார் விவசாயியிடம். "துன்ற பொருளு, வாணாம், பொகைய இஸ்துக்கும்னு சொன்னேன். நாலு வாட்டியும் சொன்னேன். கேக்கவே இல்ல. போடு போடுன்னாரு. போட்டுட்டு ஷட்டர வேற இஸ்து மூடிட்டாரு."

"அங்கிள்?" என்றார் மேடம். அந்த அங்கிளில் உறவு எதுவும் பாக்கி இல்லை.

"ஆமா" என்றேன். "நான்தான். சாப்பிட்டுப் பாத்தப்பவே தெரியும்."

இதை நான் ஒப்புதல் வாக்குமூலம் என்று இவ்வளவு நாள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிடிபட்ட பிறகு சொன்னதற்கு அந்தப் பெயர் கிடையாது.

அதற்கு அப்புறம்தான் அந்த ஒரு மணி நேரத் திட்டு. எல்லாவற்றையும் எழுத எனக்குத் தெம்பில்லை. 'ஒரு விவசாயியின் கை, ஒரு சூரியன்னு எழுதுனதும் நீங்கதானுங்? மூணாவதா உங்க சட்டியையும் சேத்து எழுதியிருக்கலாமில்லீங்?' என்பது அதில் மிகவும் மென்மையான பகுதி. சத்தம் கேட்டு மாடிப்படியில் பாதி வரை இறங்கி வந்த என் மனைவி, அங்கேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். இடையிடையே தலையாட்டினாள். ஒரு இடத்தில், "அதையேதான் நானும் சொல்லிண்டிருக்கேன்" என்றாள்.

திட்டி முடித்ததும் விவசாயி என்னிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டார். மன்னிப்பு இல்லை.

"எந்தக் குரூப்புல அத எழுதுனீங்களோ, அதே குரூப்புல, அதே ஆளு, இப்ப எழுதுங். நான் பாத்துட்டுத்தான் மூட்டைய ஏத்துவேன்."

மேடம் தன் போனைக் கொடுத்தார். ஷட்டர் படிக்கட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். பழக்க தோஷம். 'அறியாமையால் நேர்ந்துவிட்ட ஒரு நறுமணப் பிழைக்கு எமது ஆழ்ந்த வருத்தம்' என்று தொடங்கியது.

படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"அதென்னங் நறுமணப் பிழை? அழிங்."

அழித்தேன்.

"எமதுன்னா எத்தன பேருங்? நீங்க ஒருத்தர்தானுங். அழிங். ஆழமெல்லாம் வேண்டாங். அழிங்."

முப்பது வருடத்தில் எத்தனையோ மேனேஜர்கள் என் வாசகங்களை வெட்டியிருக்கிறார்கள். இவ்வளவு சரியாக யாரும் வெட்டியதில்லை. கடைசியில் மிஞ்சியது இரண்டே வரி.

'இந்த விதைகள் வெயிலில்தான் காய்ந்தன. என் அறையில் இருந்தபோது தெரியாமல் மூட்டைகளுக்குச் சாம்பிராணி போட்டது, அந்தக் கடிதத்தை எழுதிய நான்.'

இவ்வளவு சின்னதாக நான் எதையும் எழுதியதில்லை. அனுப்பலாமா என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் குனிந்து, விரலால் திரையில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினார்.

"இது எதுக்குங்?"

'தெரியாமல்.'

"அந்த பாய் நாலு வாட்டி வேண்டாம்னு சொன்னாருங்கறாரு. அப்பறம் என்னங் தெரியாம?"

பாய் வாசலில் தன் சட்டியின் கரியைக் கிளறிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. அந்தச் சொல்லை அழித்தேன். ஒவ்வொரு எழுத்தாகத்தான் அழிந்தது. அனுப்பினேன். முதல் கடிதத்துக்குக் கைதட்டியவர் இதற்கு ஒன்றும் போடவில்லை.

விவசாயி நான்கு மூட்டைகளையும் ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றினார். அடியில் இருப்பதைப் பிரித்துக்கொள்வேன், மேலே பாழானதை என் தோப்புக்கே உரமாகப் போட்டுக்கொள்வேன் என்றார். மேடம் அத்தனையையும் சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்கிறேன், அடுத்த பருவமும் எடுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தார்.

"பாழாப்போனதுக்குக் காசு குடுத்துரு அம்மணி. அடுத்த பருவத்தப் பத்திப் பாக்கலாம்" என்றார். அந்தப் பக்கத்து ஆட்கள் 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்பது மேடத்தின் முகத்திலேயே தெரிந்தது. அடுத்ததாக அந்த முகம் என் பக்கம் திரும்பி, "ரூம் வேண்டாம் அங்கிள். எழுதவும் வேண்டாம்" என்றது.

ஆட்டோ கிளம்பும் முன்பு விவசாயியின் போன் அடித்தது. திரையைப் பார்த்துவிட்டு, ஸ்பீக்கரில் போட்டார். பெங்களூர்க்காரர். குழுவில் இப்போதுதான் பார்த்ததாகச் சொன்னார். வெயிலில்தானே காயவைத்தீர்கள் என்று கேட்டார்.

"ஆமாங். வெயில்லதானுங்" என்றார். சொல்லும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆணியடித்த மாதிரி நின்றுகொண்டு அதையும் வாங்கிக்கொண்டேன்.

போனை வைத்துவிட்டு, தூக்குப்பாத்திரத்தைத் திறந்து, ஒரு பிடி விதையை எடுத்து, நகத்தால் தோலை உரித்து, பாயிடம் நீட்டினார்.

"தின்னு பாருங் பாய். பொகை படாதது."

பாய் இரண்டைத் தூக்கி வாயில் போட்டு மென்றார். முகம் கோணியது. "இன்னாம்மா இது, வேப்பங்கொட்ட மாதிரி கசக்குது! இதுக்கா இவ்ளோ சண்ட?"

அன்று முழுக்க விவசாயி சிரித்தது அப்போது ஒரு தடவைதான். உரக்கச் சிரித்தார். மாடிப்படியில் நின்றிருந்த என் மனைவிக்கும் நான்கு விதை கொடுத்தார். தோல் உரித்தே கொடுத்தார்.

எனக்குக் கொடுக்கவில்லை. நானும் கையை நீட்டவில்லை.